இருபத்தேழுக்கு இரண்டு குறைவு



மீரியபெத்தயிலிருந்து இறங்கி, கொஸ்லந்தையில் பஸ் பிடித்து, அப்புத்தளை, வெலிமடை என்று சுற்றி நுவரெலியாவுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் டவுனுக்கு நடுவில் அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. வெள்ளைக்காரர் 1889இல் தொடங்கிய கோல்ப் மைதானம் அது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் யாரோ ஒருவர் மட்டையை ஓங்குவார், பந்து எங்கே போனதென்று தெரியாது, அதற்குள் பஸ் திரும்பிவிடும். ஆடுகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறாரே, அவரைப் பார்த்தால்தான் எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கும்.

அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கிறவர்களுக்கு கோல்ப் எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

ஆட்டம் சிக்கலானதில்லை. பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழிக்கும் ஓர் இடத்திலிருந்து பந்தை அடிக்கத் தொடங்கி, அதைக் குழிக்குள் விழுத்த வேண்டும். கிரிக்கெட்டில் கூட எடுத்தவர் வெல்வார்; இங்கே குறைய அடித்தவர் வெல்வார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கராவது நிலம் வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஒரு கணக்கு வந்து குறுக்கே நிற்கிறது. தோட்டத்தில் தனி வீடு என்று பேச்சு வந்தபோது 7 பேர்ச்சஸ் என்றார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். நூறு ஏக்கரை ஏழு ஏழாகப் பிரித்துப் பாருங்கள்: 2,285 வீட்டுக் காணி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட ஊரில் நின்று பேசுகிறவனுக்கு இந்தக் கணக்கு தானாகவே வரும். வந்ததைச் சொல்லிவிட்டேன். இனி ஆட்டத்துக்கு வருவோம்.

அதே நுவரெலியா மைதானத்தில் 1989 ஏப்ரலில், வசந்த கால சீசன் நேரத்தில், இலங்கைப் பெண்களுக்கான தேசிய அமெச்சூர் பகிரங்கப் போட்டி நடந்தது. வென்றவர் பெயர் துஹாஷினி செல்வரத்தினம். வயது 12 ஆண்டும் 324 நாளும். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளை. ஒரு நாட்டின் கோல்ப் பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். பிறகு அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். நம் மலையில் நடந்த சங்கதி இது. இருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஆண்களில் என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்று இலங்கைத் தமிழ்ப் பெயர்கள் இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் அடிபட்டிருக்கின்றன. அவர்களையும் நாம் கொண்டாடியதாக நினைவில்லை.

சரி, ஒரு பெண் இந்த ஆட்டத்தையே பிழைப்பாக எடுத்தால் எப்படி இருக்கும்? அதற்கு இந்த ஆட்டம் ஊறிய நாட்டிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர், லாரா டேவிஸ். 1963இல் கொவென்ட்ரியில் பிறந்தவர்.

இங்கிலாந்து, கோல்ப் என்றதும் துரை பங்களா பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். இந்த அம்மா ஆட்டத்துக்குக் காசு சேர்க்க சுப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்தார், பெட்ரோல் நிலையத்தில் நின்றார், புக்கிக் கடையிலும் இருந்தார். ஆமாம், நம் ஊர்களிலும் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டுகிறார்களே, அதே புக்கிதான். முறையாகப் பயிற்சி பெற்ற கை இல்லை அவருடையது. பார்த்துப் பார்த்துப் பழகிய அடி. ஆனால் அடித்தால் பந்து போகும் தூரம் அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தில் யாரும் காணாதது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. முதல் அடிக்கு எல்லாரும் ஒரு சிறு ஆப்பை மண்ணில் குத்தி அதன்மேல் பந்தை வைப்பார்கள். லாரா ஆப்புத் தேடமாட்டார். மட்டையால் தரையில் ஒரு வெட்டு, புல்லோடு மண் கொஞ்சம் மேலே கிளம்பும், அந்தக் குமிழின்மேல் பந்து. மண்வெட்டி பிடித்த கைக்கு அந்த வெட்டு புரியும். புல் வளர்க்கிறவரின் வயிறு எரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

1985இல் தொழில்முறைக்கு வந்தார். முதல் ஆண்டே ஐரோப்பியத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம், அடுத்த ஆண்டும் அவரே. 1986இல் பெண்களுக்கான பிரிட்டிஷ் பகிரங்கப் பட்டம். 1987இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி. நான்கு சுற்று ஆட்டம் முடிந்தபோது மூன்று பேர் சமநிலை: ஜப்பானின் அயாகோ ஒகமோட்டோ, அமெரிக்காவின் ஜோஆன் கார்னர், லாரா. மறுபடி பதினெட்டுக் குழியும் ஆடச் சொன்னார்கள். லாரா 71, ஒகமோட்டோ 73, கார்னர் 74. இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பெண்கள் கோல்ப் சங்கமான எல்.பி.ஜி.ஏ.யில் லாரா அப்போது உறுப்பினரே இல்லை. வாசலில் நின்ற ஆள் உள்ளே வந்து பெரிய பட்டத்தைத் தூக்கிவிட்டார். சங்கம் தன் விதியைத் திருத்தி அவரைச் சேர்த்துக்கொண்டது.

கோல்பில் ‘டூர்’ என்று ஒன்று சொல்வார்கள். நாடகக் கம்பெனி மாதிரி, வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடுகிற போட்டி வரிசை. அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று. 1994இல் லாரா ஒரே வருடத்தில் ஐந்து டூர்களில் வென்றார். அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் செய்யாத காரியம். 1996இல் ‘மேஜர்’ எனப்படும் பெரிய பட்டங்கள் இரண்டு. அதே 1996 ஜூனில், பிரான்சின் எவியானில் ஆடிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தும் ஸ்பெயினும் உதைபந்தாட்டம் ஆடின. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கையடக்க ரி.வி. ஒன்றை மைதானத்துக்கே கொண்டுபோய், நடந்துகொண்டே பார்த்தார். அபராதம் போட்டார்கள். போட்டியை வென்றதும் அவர்தான்! மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்ட அண்ணன்மார் இதைப் பெரிய குற்றமாக எண்ணமாட்டார்கள்.

இத்தனை வென்றவருக்கு ஊரில் என்ன மரியாதை? ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூசில் 1754இல் தொடங்கிய பழம்பெரும் கோல்ப் கழகம் ஒன்று இருக்கிறது. உலகின் பெரும்பகுதிக்கு ஆட்ட விதி வகுத்தவர்கள். பெண்களைச் சேர்த்ததில்லை. 2014 செப்டெம்பரில்தான் வாக்கெடுத்து, சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். 260 வருடம்! 2015இல் கௌரவ உறுப்பினராக முதலில் அழைத்த பெண்களில் லாராவும் ஒருவர். அப்போது வயது 51. நம் பக்கம் பங்களா வாசல்களும் கிளப் வாசல்களும் யாருக்கு எந்தக் காலத்தில் திறந்தன என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: அந்தக் கழகம் தன் சீமாட்டிகளுக்கே கதவைச் சாத்தி வைத்திருந்தது என்பது எனக்குக்கூட ஆச்சரியமாகத்தான் இருந்தது.

லாரா நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். 2010 டிசம்பரில் டில்லிக்கு அருகே குர்கானில் நடந்த இந்தியப் பெண்கள் பகிரங்கப் போட்டியில் ஆடி, 47 வயதில் வென்றார். தனக்கு மகளாகும் வயதுப் பிள்ளைகளோடு மோதி. 2018இல், 54 வயதில், அமெரிக்காவில் முதன்முறையாக நடந்த மூத்த பெண்களுக்கான பகிரங்கப் பட்டத்தைப் பத்து அடி வித்தியாசத்தில் தட்டிக்கொண்டு போனார்.

இனி அந்தத் தலைப்புக்கு வருகிறேன். எல்.பி.ஜி.ஏ. சங்கத்துக்குப் புகழ் மண்டபம் ஒன்று உண்டு. உள்ளே போக 27 புள்ளி வேண்டும். ஒரு வெற்றிக்கு ஒரு புள்ளி, பெரிய பட்டம் என்றால் இரண்டு, ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுக்கு ஒன்று. லாராவுக்கு அந்தச் சங்கத்தின் டூரில் 20 வெற்றி. அதில் நான்கு பெரிய பட்டம், ஆகவே 24. 1996இன் சிறந்த வீராங்கனை விருது ஒன்று சேர்ந்து 25. கடைசி வெற்றி 2001இல். அதன்பிறகு எத்தனையோ வருடம் ஆடியும் மிச்சம் இரண்டு கிடைக்கவில்லை. வேறொரு மண்டபமான உலக கோல்ப் புகழ் மண்டபம் 2015இல் அழைத்துக்கொண்டது. அது வேறு கதை.

பேரேட்டைப் புரட்டும்போது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. 1986இல் சொந்த நாட்டில் வென்ற அந்த பிரிட்டிஷ் பட்டம் இந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்கச் சங்கம் அதைப் பெரிய பட்டமாக ஏற்றது 2001இலிருந்துதான். முன்பே ஏற்றிருந்தால் இரண்டு புள்ளி. 25உம் 2உம் 27. கொழுந்தைப் பறித்துக் கூடையில் போட்டாயிற்று, நிறுவைப் புத்தகத்தில் அன்றைய கிலோ ஏறவில்லை என்றால் எப்படியோ, அப்படி.

லாராவின் பெயருக்கு நேரே அந்தச் சங்கத்தின் ஏட்டில் இருப்பது 25.