கானில் தொடங்கும் ஆறு

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆறு என்றதும் நமக்குப் பதுளு ஓயாவும் துன்ஹிந்தவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஆறு அங்கே ஆரம்பிப்பதில்லை. நாம் கொழுந்து எடுக்கிற மலையில் வெட்டியிருக்கிறோமே கான், அதுவும் ஆற்றின் ஒரு சின்னக் கிளைதான். கான் ஓடையில் விழுகிறது, ஓடை ஓயாவில் சேருகிறது. பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் கலந்து திருகோணமலைக் கடலுக்குப் போகின்றன.

அப்புத்தளை முகட்டில் வடக்கே விழும் மழை மகாவலிக்குப் போகும். தெற்கே விழுவது தென்கடலுக்குப் போகும். ஒரே மழைதான், வழிதான் வேறு.

இந்த வழிகளும் நிலையானவை அல்ல. தண்ணீர் மண்ணை அரித்து அரித்து மலைக்குள் மேலேறும். அரித்த மண் கீழே மேடாகும். நெடுங்காலத்தில் ஓர் ஆறு பக்கத்து ஆற்றின் தண்ணீரையே தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு. அதையே மனிதன் சில வருஷத்தில் செய்கிறான். 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயாத் திட்டம், மலையைக் குடைந்து தண்ணீரைத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்புகிறது. சுரங்கம் தோண்டியபோது நீர் கசிந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. தண்ணீர் வழியை மாற்றினால் நிலமும் மாறும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலையே இறங்கி லயங்களை மூடியதை நாம் மறக்க முடியுமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் நம் மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்து, பிடிப்பு விட்டுச் சரியும்.

ஆகவே மழைக்கு முன்னே கான்களைத் துப்புரவு செய்வோம், குப்பை போடாதிருப்போம். ஆனால் கான் வெட்டினால் மட்டும் எல்லா மலையும் நின்றுவிடாது. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த மரம், இறுகிப்போன கதவு – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பிறகு கிராம சேவகருக்கும் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

"போகச் சொல்றீங்க, எங்க போறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்பது நம் உரிமை, அதை நாம் ஒன்றாகவே கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை மழை காத்திருக்காது. பொருள் போனால் தேடலாம், உயிரைத் தேட முடியாது.