டிரவுட் மீனும் நம்ம பீலித் தண்ணியும்

(தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் தாய்மாரும் இளைஞர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்குப் பேச்சு டிரவுட் மீனைப் பற்றி. "அது துரைமார் பிடிக்கிற மீனாச்சே, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்த மீன் குடியிருக்கிற ஆறுதான் கீழே வந்து நம்ம லயத்துப் பீலியில் விழுது. ஆற்றில் இறங்குகிற நம்ம புள்ளைங்களுடைய உயிரும் இதில் அடங்கியிருக்கு.

முதலில் அது எப்படி இங்கே வந்தது என்று பார்ப்போம். டிரவுட் நம்ம நாட்டு மீன் அல்ல. 1869இல் கோப்பிச் செடியில் இலை நோய் விழுந்து, கோப்பி அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஆன காலத்தில், 1880களில், வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் மீனை நுவரெலியாப் பக்கத்து ஆறுகளில் விட்டார்கள். முதலில் வந்தது பிரவுன் டிரவுட். அது இங்கே சரியாகப் பெருகவில்லை. பிறகு ரெயின்போ டிரவுட் வந்தது. அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. பக்கவாட்டில் ரோஸ் நிறக் கோடு ஓடும், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி இருக்கும். ஹோர்டன் சமவெளி போன்ற உயரமான இடங்களில் நின்று பிடித்தது இதுதான்.

ஏன் உயரமான இடத்தில் மட்டும்? இந்த மீனுக்குக் குளிர்ந்த தண்ணி வேண்டும். 10 பாகை முதல் 16 பாகை செல்சியஸ் வரை அதற்கு நல்ல சுகம். 20 பாகையைத் தாண்டினால் திணறும். 25க்கு மேலே போனால் உயிருக்கே ஆபத்து. காரணம் சூடு மட்டுமல்ல. தண்ணியில் கரைந்திருக்கிற பிராணவாயுவைத்தான் மீன் சுவாசிக்குது. தண்ணி குளிர்ந்திருந்தால் அந்த வாயு கூடுதலாகக் கரையும், சூடேறினால் வெளியே போய்விடும். கல்லில் மோதி நுரைத்து ஓடுகிற ஆற்றில் காற்று நன்றாகக் கலக்கும். ஆகவேதான் டிரவுட் மேட்டு ஆறுகளில் இருக்கு. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களில் திலாப்பியா, கெண்டை போன்ற மீன்கள்தான் அதிகம்.

இனி பருவத்தைப் பார்ப்போம். இது கொழுந்து எடுக்கிறவர்களுக்கு விளங்காத கணக்கல்ல. ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கம் ஜனவரி தொடங்கி மார்ச் வரை வெயிலும் பனியுமாக இருக்கும். கொழுந்து குறைவு, ஆனால் தேயிலையின் தரம் கூடிய காலம். அதே காலத்தில்தான் அந்தப் பக்கத்து ஆறுகளும் தெளிந்து, வற்றி, கல்லு தெரிய ஓடும். மீனும் நம்மைப் பார்க்கும், நாமும் மீனைப் பார்க்கலாம். பகல் வெயிலில் மீன் நிழலிலும் பள்ளத்திலும் ஒளிந்துகொள்ளும். விடிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் இரைக்கு மேலே வரும்.

மே மாதம் நடுப்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை அந்தப் பக்கத்து ஆறு கலங்கி, வேகமாக ஓடும். அந்த நேரம் பதுளை, வெலிமடைப் பக்கம் வேறு மாதிரி. ஜூலை தொடங்கி அங்கே வரட்டுக் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருகிற காற்று அது. அங்கே தண்ணி தெளிவது அப்போதுதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேலே இடி மின்னலோடு எல்லாப் பக்கமும் மழை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஊவாப் பக்கத்தை நனைக்கும். ஒரே மலைநாட்டில் ஒரு பக்கம் ஆறு தெளியும்போது மறுபக்கம் கலங்கும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்டில் போடுகிறவர்கள் சொல்லுகிற ஒரு விசயம் உண்டு. வெள்ளம் ஏறும்போது மீன் இரை எடுக்காது. வெள்ளம் இறங்கி, தண்ணி தேயிலைச் சாயம் போல லேசாகத் தெளிகிறபோது நன்றாக எடுக்கும். மழை அடித்துக்கொண்டு வந்த புழு பூச்சி அப்போது ஆற்றில் நிறைய இருக்கும். ஏரியில் என்றால் வேறு முறை. வெயில் காலத்தில் ஏரியின் மேல் தண்ணி சூடாகிவிடும். மீன் அடியில் போகும், அல்லது குளிர்ந்த ஓடை வந்து விழுகிற வாயில் கூடும்.

ஆசையில் யாரும் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. ஹோர்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கே அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது குற்றம். எந்த ஆற்றிலும் வெடி போட்டோ மருந்து கலக்கியோ மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டப்படி தடை. மருந்து கலந்த தண்ணியில் செத்த மீனைப் பொறுக்கி வந்து புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுவது விஷத்தை ஊட்டுவது போல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹோர்டன் சமவெளி ஓடைகளில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு கூனி இறால் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த டிரவுட் அதைத் தின்று குறைக்கிறது. ஆகவே "டிரவுட் நல்ல மீன்" என்று கண்ட கண்ட ஓடையில் கொண்டுபோய் விடுவதும் சரியில்லை.

இனி நம்ம பீலிக்கு வருவோம். இந்த மீன் ஆற்றின் அடியில் கூழாங்கல்லுக்கு இடையில் முட்டை இடும். 10 பாகைத் தண்ணியில் குஞ்சு பொரிக்கச் சுமார் ஒரு மாதம் எடுக்கும். அந்த ஒரு மாதமும் கல்லு இடுக்கில் சுத்தமான தண்ணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே மலையிலிருந்து சேறு வந்து மூடினால் முட்டை மூச்சடைத்துச் செத்துப்போகும். அந்தச் சேறு எங்கிருந்து வருது? கான் வெட்டாத மலையிலிருந்து, கவ்வாத்து வெட்டி மூடாமல் விட்ட வெறும் தரையிலிருந்து, ஆற்று ஓரம் வரை கொத்திப்போட்ட மரக்கறித் தோட்டத்திலிருந்து வருது. அது வெறும் சேறு அல்ல, நம்ம மலையின் மேல்மண். மண் போனால் செடி மெலியும், செடி மெலிந்தால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் நம்ம கிலோக் கணக்கில்தான் கை வைக்கும்.

மருந்தடிக்கிற அண்ணன் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் டாங்கியை ஓடையில் கழுவாதீர்கள். கழுவிய தண்ணியை மருந்தடித்த மலையிலேயே ஊற்றி விடுங்கள். காலி மருந்துப் போத்தலில் எண்ணெயோ தண்ணியோ எடுக்க வேண்டாம். கழுவுவதற்கு வேறு வசதி இல்லையென்றால் அதைக் கேட்பது உங்கள் உரிமை. பெரட்டுக் களத்திலேயே கேளுங்கள், தலைவர் மூலமும் எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பக்கம் லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் ஓடைக் கரையில் சில அடி புல்லு விட்டுவிடுங்கள். மானாப்புல்லு இருந்தால் மண்ணைப் பிடிக்கும். கோழி எருவை மழைக்கு முன்னால் கரையில் குவித்து வைக்க வேண்டாம்.

தண்ணி எப்படி இருக்கு என்று பார்க்கச் சின்னப் புள்ளைங்களுக்கும் ஒரு வழி சொல்லுகிறேன். பெரியவர் ஒருவர் கூட நிற்க, ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைத் திருப்பிப் பாருங்கள். வாலில் ரெண்டு மூணு மயிர் உள்ள தட்டைப் பூச்சியும், மணலை ஒட்டிக் கூடு கட்டியிருக்கிற புழுவும் இருந்தால் அந்தத் தண்ணியில் காற்று நன்றாக இருக்கு. அவை மறைந்து, சேற்றில் சிவப்புப் புழு மட்டும் மிஞ்சினால் மேலே எங்கேயோ அழுக்குச் சேருது என்று அர்த்தம்.

ஆனால் தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பூச்சி இருந்தாலும், மீனே துள்ளினாலும், அந்தத் தண்ணி அப்படியே குடிக்கத் தக்கது என்று எண்ண வேண்டாம். வயிற்றோட்டமும் மஞ்சள் காமாலையும் கொண்டு வருகிற கிருமி மீனை ஒன்றும் செய்யாது, கண்ணுக்கும் தெரியாது. மேலே உள்ள லயத்துக் கக்கூஸ் குழி மழைக்கு நிரம்பினால் கீழே உள்ள பீலிக்குத்தான் வரும். தண்ணி கொதித்துக் குமிழி விட்ட பிறகே இறக்க வேண்டும். மழை காலத்தில் இதை ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

கடைசியாக ஆற்றில் இறங்குகிற தம்பிமாருக்கு. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம், மேல் மலையில் மழை கொட்டலாம். தெளிந்த தண்ணி திடீரென்று நிறம் மாறினாலும், சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும், தூண்டிலை எடுக்கக்கூட நிற்காமல் கரை ஏறுங்கள். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு ஆற்றுக்குப் போகவே வேண்டாம். அணைகளுக்குக் கீழே குளிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை 2012 முதல் இயங்குது. பெருமழையில் வான்கதவு திறந்தால் கீழே ஆறு சட்டென்று ஏறும். சங்கு ஊதும் சத்தம் கேட்டால் துணியை விட்டுவிட்டு மேலே வாருங்கள். நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள பாசிக் கல்லில் கால் வைக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

யாராவது தண்ணியில் விழுந்தால் பதறிப்போய்ப் பின்னாலே குதிக்க வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போன வீடுகள் நம்ம பக்கத்தில் உண்டு. கரையில் படுத்துக்கொண்டு மூங்கிலையோ கயிற்றையோ சேலையையோ எறிந்து இழுங்கள். இன்னொருவர் ஓடிப்போய் ஆள் கூப்பிட வேண்டும்.

தண்ணி மேலே சுத்தமாக இருந்தால் கீழே உள்ளவருக்கும் நன்மை. நமக்கு மேலே ஒரு தோட்டம் இருக்கு, நமக்குக் கீழேயும் ஒரு தோட்டம் இருக்கு. மேலே உள்ளவர் நமக்கு எப்படித் தண்ணி அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறோமோ, அப்படியே நாமும் கீழே அனுப்புவோம். வருகிற மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து பீலிக்கு மேலே உள்ள ஓடைக்கரையைத் துப்புரவு செய்து புல்லு நட்டால், இன்றைக்குப் பேசியதற்கு ஒரு பலன் கிடைக்கும்.