பிள்ளை பேசும் வரை காத்திருப்போம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, வரவு செலவு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ ஒரு கதை சொல்லப் போறோம். துப்பறியும் கதைதான். ஆனா நம்ம வீட்டுக்கும் வேண்டிய கதை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஜோனதன் கெல்லர்மன் என்று ஒரு உளவியலாளர். புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கும் அவங்க குடும்பத்துக்கும் மனத்தைரியம் கொடுக்க, குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பகலில் வேலை, ராத்திரியில் எழுத்து. பல வருடம் எழுதியும் ஒரு நாவல்கூட அச்சாகல. விடாம எழுதி, 1985ல் முதல் நாவல் வந்தது. அடுத்த வருடமே, முதல் நாவலுக்கான எட்கர் விருதும் கிடைச்சது. அன்று தொடங்கிய வரிசை நாற்பது வருடம் தொடர்ந்து வந்திருக்கு.

கதாநாயகன் அலெக்ஸ் டெலவேர். இவரும் குழந்தைகளுக்கான உளவியலாளர். கையில் துப்பாக்கியோடு திரிகிற ஆள் இல்லை. பேசி, பழகி, மனசில் இருப்பதைப் புரிஞ்சுக்கிறவர். அவருடைய நண்பர் மைலோ, கொலை வழக்குகளைப் பார்க்கிற போலீஸ்காரர்.

முதல் நாவலில் ஒரு கொலை நடக்குது. அந்த ராத்திரி எதையாவது பார்த்திருக்கக் கூடியது ஏழு வயதுச் சிறுமி ஒருத்திதான். போலீஸ் கேட்டா பிள்ளை பயந்துடும். அதனால மைலோ அலெக்ஸைக் கூப்பிடுகிறார். அந்தப் பிள்ளை வழியாகத் தொடங்கும் விசாரணை, கடைசியில் பல பிள்ளைகளுக்குப் பெரிய மனுஷங்க செய்த கொடுமையைக் கண்டுபிடிக்குது.

இதை ஏன் சொல்றோம்? நாங்களே தப்பு செஞ்சிருக்கோம். பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுத ஒரு பிள்ளையிடம், திண்ணையில் பத்துப் பேர் நிற்க, "என்ன ஆச்சு, சொல்லு சொல்லு"ன்னு கேட்டோம். வாயே திறக்கல. ஒரு மாதம் கழிச்சு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது தானாகச் சொல்லிச்சு. படிச்ச படிப்பைவிட அந்த அம்மாவின் பொறுமை பெரிசுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

2012ல் வந்த போக்சோ சட்டமும் இதைத்தான் சொல்லுது. பிள்ளையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் எழுதணும். எழுதும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

ஆகவே சகோதரிகளே, நல்லா இருந்த பிள்ளை திடீர்னு ஒடுங்கிப்போனா, ஒரு ஆளைப் பார்த்து ஒளிஞ்சா, அடிக்காதீங்க. தனியா உட்கார வெச்சுப் பேசுங்க. "அவன்தானே செஞ்சான்"னு வாயில் வார்த்தையைத் திணிக்காதீங்க. சொன்னதை நம்புங்க. "உன் மேல தப்பு இல்லை"ன்னு சொல்லுங்க. ஊர் மானம்னு மூடி மறைக்காம 1098க்குப் போன் பண்ணுங்க. காசு கிடையாது.

நம்ம குழுவில் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையும் நம்ம பிள்ளைதான். காது கொடுத்துக் கேட்போம்.