வெனிசு நகரின் வேடத் திருவிழா

(புனேயில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவன்று ஆற்றிய உரை)

அயல்நாட்டில் பயின்று திரும்பியவள் என்ற முறையில் ஏதேனும் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். படித்த படிப்பைப் பற்றிப் பேசினால் குழந்தைகள் உறங்கிவிடுவார்கள். அந்நாட்டுக் குளிரைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் உறங்கிவிடுவார்கள். ஆகவே, ஒரே ஒரு நாள் சென்று கண்ட திருவிழாவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அன்று நான் ஒரு பொய்யும் சொன்னேன். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நான் பயின்றது இத்தாலி நாட்டுப் பதுவா நகரில். அங்குள்ள பல்கலைக்கழகம் 1222ஆம் ஆண்டிலே தோன்றியது. கலிலியோ 1592 முதல் 1610 வரை கணிதம் கற்பித்த இடம் அது. 1678இல் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா என்னும் வெனிசு நகரத்துப் பெண்மணி தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றதும் அங்கேதான். உலகிலேயே அப்பட்டம் பெற்ற முதற் பெண் என்று அவரைப் போற்றுவர். அவருடைய சிலை ஒன்று பழைய கட்டடத்தின் படிக்கட்டடியில் இருக்கிறது. தேர்வு நாட்களில் நான் அவரைக் கும்பிடாமல் படியேறியதில்லை.

பதுவாவிலிருந்து வெனிசு அரைமணி நேரப் புகைவண்டிப் பயணம். நாம் சிவாஜி நகரில் ஏறி லோணாவளா போய்ச் சேரும் நேரத்தைவிடக் குறைவு. அவ்வளவு அருகில் இருந்தும் முதலாண்டில் நான் அத்திருவிழாவுக்குப் போகவில்லை. இரண்டாம் ஆண்டு, பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில், உடன் பயின்ற இத்தாலிய மாணவியர் இருவர் என்னை இழுத்துச் சென்றார்கள்.

கார்னிவல் என்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முன் கிறித்தவர்கள் தவக்காலம் காக்கிறார்கள். அது தொடங்குமுன் வயிறார உண்டு, மனமாரக் களித்துவிடுவது ஐரோப்பிய வழக்கம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிராவண மாதம் பிறக்குமுன் நம் மராத்திய அண்டை வீட்டார் கட்டாரி அமாவாசை கொண்டாடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பெரும்பாலும் அதே நாள்தான் நமக்கு ஆடி அமாவாசை. நம் வீட்டில் வாழைக்காய்ப் பொரியல். சுவருக்கு அப்பால் ஆட்டுக்கறி மணம். சிறு வயதில் அந்தச் சுவரின் மீது எனக்கு எவ்வளவு கோபம் என்பது என் தாயாருக்குத் தெரியும்.

நிலத்தையும் அத்தீவு நகரையும் இணைக்கும் இருப்புப்பாதைப் பாலம் 1846இல் அமைந்தது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளம், இருபுறமும் நீர்ப்பரப்பு. பாம்பன் பாலத்தைக் கடந்தவர்களுக்கு அந்த உணர்ச்சி புதிதன்று. புதிதாக இருந்தது வண்டிக்குள் கண்ட காட்சிதான். எனக்கு எதிரே ஓர் அரசியும் அரசரும் பயணச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பறவை அலகு போன்ற நீண்ட மூக்குடைய கறுப்பு உருவம் ஒன்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அலகு உருவம் கொள்ளைநோய் மருத்துவருடையது. பதினேழாம் நூற்றாண்டில் பிளேக் நோயாளிகளைப் பார்க்கச் சென்ற மருத்துவர்கள், கெட்ட காற்றினால் நோய் பரவுகிறது என நம்பி, அலகுக்குள் வாசனை மூலிகைகளை அடைத்துக்கொண்டார்கள். அன்று உயிருக்கு அஞ்சிக் கட்டிய முகமூடி இன்று வேடிக்கைப் பொருளாகிவிட்டது. நம் புனே நகரத்துப் பிளேக்கை நினைத்துக்கொண்டேன். 1897இல் இங்கே வீடு வீடாகப் புகுந்து சோதனை நடத்தியதன் கொடுமை பொறாமல் சாபேகர் சகோதரர்கள் ராண்டு துரையைச் சுட்டதை நாம் பள்ளியில் படித்தோம். அந்த நோயை வைத்து இங்கே யாரும் வேடம் கட்டவில்லை. இன்னும் இருநூறு ஆண்டுகள் கழிந்தால் கட்டுவார்களோ என்னவோ!

வெனிசில் வண்டியை விட்டு இறங்கி வெளியே வந்தால் தெரு இல்லை. படிகள், படிகளுக்குக் கீழே பெருங்கால்வாய். மோட்டார் வண்டிகள் இல்லாத அந்நகரில் சந்து சந்தாக நடந்து சான் மார்க்கோ சதுக்கத்தை அடைய, அன்றைய நெரிசலில், ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அங்கே 1720இல் தொடங்கிய புளோரியன் என்னும் காப்பிக்கடையின் கண்ணாடிகளுக்குப் பின்னால் பட்டும் சரிகையும் அணிந்த சீமாட்டிகள் அசையாமல் வீற்றிருந்தார்கள். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவில் மேற்படிப் பொம்மைகள் காப்பி அருந்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் வெள்ளை முகமூடியும் முக்கோணத் தொப்பியும் கறுப்பு அங்கியுமாக நின்ற ஒருவரோடு என் தோழியர் பேச்சுக் கொடுத்தார்கள். முகமூடியைக் கழற்றினார், எழுபது வயதிருக்கும். பணி ஓய்வு பெற்றவர். அங்கியைத் தாமே தைத்ததாகச் சொன்னார். அந்த உடைக்குப் பௌத்தா என்று பெயர். முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னால் துருத்தி நிற்கும். கழற்றாமலே உண்ணலாம், பருகலாம், குரலும் மாறிவிடும். பண்டை நாளில் பிரபுக்களும் கடன்பட்டவர்களும், ஆண்களும் பெண்களும் அதை அணிந்தார்கள். அணிந்தவர் யாராயினும் அவரை “வணக்கம், முகமூடி அம்மையே” என்று ஒரே விதமாக அழைப்பது வழக்கம். சிறிய நகரம்; எல்லாரையும் எல்லாரும் அறிவர்; குலமும் செல்வமும் கண்காணித்த ஊர். சிறிது நேரமாவது யாரோ ஆகிவிட வேண்டும் என்னும் வேட்கை அங்கே மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

முகமூடி செய்வோர் தமக்கென விதிமுறை வகுத்துக்கொண்ட ஆண்டு 1436. களிமண் உருவின்மேல் அச்செடுத்து, பசை தோய்த்த தாளை அவ்வச்சில் அடுக்கடுக்காக ஒட்டி, உலர்த்தி, வண்ணம் தீட்டுகிறார்கள். 1638இல் அரசே திறந்த சூதாட்ட மாளிகைக்குள் முகமூடியோடுதான் நுழையவேண்டும் என்றிருந்தது. பல குடும்பங்கள் அழிந்த பிறகு 1774இல் அதை மூடினார்கள். 1797இல் நெப்போலியன் கையில் வெனிசுக் குடியரசு வீழ்ந்தது. திருவிழாவும் ஒளி மங்கியது. இன்று நாம் காணும் விழா 1979இல் மீண்டும் உயிர்பெற்றது. பெண்கள் அணிந்த மொரெத்தா என்னும் கறுப்பு முகமூடி ஒன்றும் உண்டு. கயிறு கிடையாது, உட்புறத்துப் பொத்தானைப் பற்களால் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே வாய் திறக்க முடியாது. அதை அழகு என்று யார் சொன்னாலும் எனக்கு உடன்பாடில்லை.

நானும் ஒரு முகமூடி வாங்கினேன். விலை மலிவாக இருந்தபோதே ஐயுற்றிருக்க வேண்டும். அறைக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அது வேறு கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று சீட்டு ஒட்டியிருந்தது. போகட்டும்.

திரும்பும் வண்டியில் தோழியருள் ஒருத்தி கேட்டாள்: “உங்கள் நாட்டில் இப்படி வேடம் அணியும் விழா உண்டா?”

“இல்லை” என்றேன்.

அதுதான் நான் சொன்ன பொய்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். அங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீசுவரரும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நவராத்திரியை ஒட்டிப் பத்து நாள் தசரா. மைசூருக்கு அடுத்த பெரிய தசரா என்று எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு, காளி, குறத்தி, குரங்கு, கரடி, காவலர், பைத்தியக்காரன், பிச்சைக்காரன் என ஆயிரமாயிரம் வேடங்களில், மேளம் முழங்க ஊர் ஊராகச் சென்று காணிக்கை கேட்பார்கள். சேர்ந்த பணம் அம்மன் உண்டியலுக்கு. காளி வேடம் கட்டுவோர் நாற்பது நாளுக்கும் மேலாகக் கடும் விரதம் இருப்பார்கள். பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்காரம்.

என் தந்தையார் கட்டுவது பிச்சைக்கார வேடம். எனக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை முற்றியபோது நேர்ந்துகொண்டது. ஆண்டுதோறும் விடுப்பு எடுத்து, புனேயில் வண்டியேறி, ஒன்றரை நாள் பயணம் செய்து போவார். கிழிந்த சட்டையும், முகத்தில் கரியும், கையில் தகரக் குவளையுமாக நிற்கும் அவருடைய நிழற்படம் ஒன்று எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தது. பதின்மூன்று வயதில், பள்ளித் தோழியர் வீட்டுக்கு வரும் நாளில், நான் அதைக் கழற்றி அரிசித் தூக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தந்தையார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஆணியில் நாட்காட்டி தொங்கியது.

வெனிசு சென்றுவந்த இரவு தொலைபேசியில் அவரிடம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அவங்கல்லாம் யாருக்கு நேர்ந்துகிட்டு வேஷம் கட்டுறாங்க, தாயி?”

எனக்கு விடை தெரியவில்லை. யாருக்கும் நேர்ந்துகொள்ளவில்லை என்று சொன்னால் அந்த முதியவர் தைத்த அங்கியைக் குறைத்துப் பேசியதாகிவிடும் என்று தோன்றியது. அவரும் ஆண்டு முழுவதும் ஊசியும் நூலுமாக ஏதோ ஒன்றுக்குக் காத்திருந்தவர்தானே! “தெரியலப்பா” என்றேன். “கேட்டிருக்கலாமே” என்றார்.

படிப்பு முடிந்து திரும்பியதும், அடுத்த தசராவுக்கு நானும் வருகிறேன் என்றேன். தந்தையார் வியப்படைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படுக்கை வசதிச் சீட்டு இரண்டு எடுத்தார்.

அங்கே நான் கண்டவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். வெனிசில் முகமூடி ஆளை மறைக்கிறது. எங்கள் ஊரிலோ, கரி பூசிய முகத்தைக் கண்டதும் “புனேக்காரர் வந்துட்டாரு” என்று சிறு பிள்ளைகள் கூவுகிறார்கள். தெரிந்தவர் வாசலில், தெரிந்த முகத்தோடு, கையேந்த வேண்டும். எங்கள் பெரியப்பா வீட்டோடு நிலத் தகராறு. பதினோர் ஆண்டுகளாகப் பேச்சில்லை. தெருவில் எந்த வீட்டையும் விட்டுவிடலாகாது என்பது தந்தையார் தமக்கே வகுத்துக்கொண்ட விதி. அந்த வாசலிலும் போய் நின்று குவளையைக் குலுக்கினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெகுநேரம் கழித்துப் பெரியம்மா வெளியே வந்தார்கள். இருபது ரூபாய்த் தாளைக் குவளையில் இட்டு, கைகூப்பி நின்றார்கள். வேடத்தில் இருப்பவரை அம்மனாகவே கருதுவது அங்கே வழக்கம். தந்தையார் நீறு எடுத்துப் பூசிவிட்டு நகர்ந்தார். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நிலத் தகராறு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. சில குழுக்களில் திரைப்பாட்டும் குத்தாட்டமும் மிகுந்துவிட்டன. வெனிசில் வந்த கூட்டத்துக்கு உள்ளூரார் முகம் சுளிப்பதுபோல இங்கும் முதியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

சூரசம்காரம் முடிந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வெனிசு வானூர்தி நிலையத்தின் பெயர் நினைவுக்கு வந்தது: மார்க்கோ போலோ. அந்நகரத்து வணிகரான அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இதே கரையில், வடக்கே சிறிது தொலைவில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். குதிரைகளையும் கப்பல்களையும் கண்டு வியந்தவர். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இனி அங்கிருந்து எங்கெங்கோ போவார்கள்.

ஊரிலிருந்து திரும்பியதும் பதுவாத் தோழிக்குக் கடிதம் எழுதினேன். அன்று வண்டியில் நீ கேட்டதற்கு இல்லை என்றேன், உண்டு, இதோ படம், நடுவில் குவளையோடு நிற்பவர் என் தந்தை என்று எழுதினேன். அவள் விடை இரண்டு வரிதான். ஏன் அன்று இல்லை என்றாய் என்று அவள் கேட்கவில்லை. அடுத்த விழா எந்த நாளில் வருகிறது, பெண்களும் வேடம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாள். கட்டலாம். ஆனால் விரதம் எத்தனை நாள், மீன் சாப்பிடாமல் அவளால் இருக்க முடியுமா என்பதையெல்லாம் தந்தையார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.