மாடியில் ஆங்கிலம், கீழே தமிழ், தெருவில் கன்னடம்



பட்டம் பெறும் அன்பு மாணவ மாணவியரே, உங்களில் பலர் விரைவில் ஓசூர் சிப்காட்டிலோ, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்துக் கம்பெனிகளிலோ வேலைக்குச் சேரப் போகிறீர்கள். சிலர் மேற்படிப்புக்குப் போவீர்கள். நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் கன்னடம் பேசுகிறாயா, தெலுங்கில் எழுதுவாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்காததாலேயே அவை பயனற்றவை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இந்த எல்லையோரத் தளியில் பிறந்த பிள்ளைக்கு அப்படித் தோன்றக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்குச் சான்றாக ஒரு கவிஞரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் பெயர் ஏ. கே. ராமானுஜன். கணித மேதை ராமானுஜன் வேறு. இவர் அத்திப்பட்டு கிருஷ்ணசாமி ராமானுஜன், கவிஞர், மொழிபெயர்ப்பாளர்.

1929 மார்ச் 16 அன்று மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அந்த வீட்டில் மாடி அப்பாவுடையது. அங்கே ஆங்கிலப் புத்தகங்கள், ஆங்கிலப் பேச்சு. கீழே அம்மாவும் சமையலறையும், அங்கே தமிழ். வாசலைத் தாண்டினால் கன்னடம். ஒரு நாளைக்குப் பத்து முறை மாடிப்படி ஏறி இறங்குகிற பையன் பத்து முறை மொழி மாறினான். இதைக் கேட்டு மைசூர்க்காரர்கள் வியக்கலாம். தளிக்காரர்கள் வியக்க மாட்டீர்கள். அம்மா வழியில் தெலுங்கு, அப்பா வழியில் கன்னடம், பாடப் புத்தகத்தில் தமிழ், சந்தையில் மூன்றும், கூடவே உருதும் என்று வளர்ந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். கன்னட வழியிலோ தெலுங்கு வழியிலோ பள்ளி படித்துவிட்டு இந்தக் கல்லூரிக்கு வந்தவர்களும் இருப்பீர்கள்.

அந்த அப்பாவைப் பற்றி ராமானுஜன் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். வேட்டியும் தலைப்பாகையும் கட்டி, மேலே ஆங்கிலேயர் கோட்டுப் போட்டுக்கொள்வார். வானியலும் பார்ப்பார், ஜோதிடமும் பார்ப்பார். வெளிநாட்டுக் கணித அறிஞர்களும் வீட்டுக்கு வருவார்கள், பஞ்சாங்கம் கணிப்பவர்களும் வருவார்கள். அறிவியல் படிக்கத் தொடங்கிய மகனுக்கு இது பொறுக்கவில்லை. இரண்டையும் எப்படி நம்புகிறீர்கள் என்று சண்டை போட்டான். மூளைக்கே இரண்டு பாகங்கள் இருக்கின்றனவே என்று அப்பா பதில் சொன்னாராம். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றைத் தூக்கி எறிந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத வீடு அது. அந்த வீட்டில்தான் ஒரு மொழிபெயர்ப்பாளர் உருவானார்.

மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்தார். பிறகு மொழியியல் பக்கம் திரும்பி, 1959இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் நடந்தது.

பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கண நூல் கிடைக்குமா என்று தேடி, ஒரு சனிக்கிழமை ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்கு இறங்கினார். அங்கிருந்த புத்தகங்களில் அவர் கைக்கு வந்தது 1937இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர், ஆனால் சங்கப் பாட்டைப் படித்தவரல்லர். அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்டியவர், தன் சொந்தச் சொத்து இன்னதென்று அறியாத வாரிசாகவே அதுவரை இருந்திருக்கிறேன் என்று உணர்ந்தார். கழுதையைத் தேடிப் போய் அரசையே அடைந்த பைபிள் கதை மனிதனோடு தன்னை ஒப்பிட்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 33.

அந்தப் புத்தகம் சிகாகோவுக்கு வந்த வழியையும் கொஞ்சம் பாருங்கள். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், இளம் தமிழாசிரியரான சாமிநாதையரைச் சந்தித்து என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, கோவை, தலபுராணம் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரை ஊர் ஊராக ஏடு தேட வைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது, 1894இல் புறநானூறு. குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தபோது ஐயருக்கு 80 வயது கடந்திருந்தது. அன்று இந்த ஓசூரும் தளியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன என்பதை ஓர் உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன். சேலத்துக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி, 82 ஆண்டு கழித்து மைசூர்த் தமிழர் ஒருவரை சிகாகோ நிலவறையில் பிடித்து நிறுத்தியது.

குறுந்தொகையின் 401 பாடல்களில் 76ஐத் தேர்ந்து ராமானுஜன் ஆங்கிலத்தில் தந்த நூல் 1967இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று வெளிவந்தது. ஒரு சிறு நூலுக்கு ஐந்தாண்டு உழைப்பு. எதற்கு அவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். அவரே வேறொரு கட்டுரையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிய ஐங்குறுநூற்றுப் பாடலைச் சொல்கிறேன். 203ஆம் பாட்டு, கபிலர் பாடியது.

காதலனோடு அவன் ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள் ஒரு பெண். அந்த நாட்டுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதே, எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்கிறாள். நம் தோட்டத்துத் தேனைக் கலந்த பாலைவிட அது இனித்தது என்கிறாள் இவள். எது இனித்தது? தழை மூடிய பள்ளத்தின் அடியில், விலங்குகள் குடித்தது போக மிச்சம் கிடந்த கலங்கல் தண்ணீர். ஜவளகிரிப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கிப் போன குட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வரிசை கட்டி வந்து, கடைசியில்தான் அந்த நீர் வரும். தேன் கலந்த பாலில் தொடங்கிய நாக்கு, படிப்படியாக இறங்கிச் சேற்று நீரில் போய் நிற்கும். பாட்டின் உயிர் அந்த இறக்கத்தில் இருக்கிறது. ஆங்கில வாக்கியமோ நேர் எதிர்; பொருளை முதலில் வைத்துவிட்டு, விவரங்களைப் பின்னால் தொங்கவிடும். அதன் போக்கிலேயே விட்டால் இறக்கம் கெட்டுவிடும். ராமானுஜன் வரிகளை உடைத்தார், சிறிது சிறிதாக அடுக்கினார். தேனும் பாலும் முதலிலும், விலங்குகள் கலக்கிய சேறு முடிவிலும் வரும்படி ஆங்கிலத்தை வளைத்தார். அகராதியை வைத்துக்கொண்டு செய்யும் வேலையில்லை இது. இரண்டு மொழியின் எலும்பும் தெரிந்தவனால்தான் முடியும். உங்களில் எந்திரவியலோ கணினியோ படிக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அமைப்பு தெரியாமல் எதையும் பிரித்துப் பூட்ட முடியாது.

செம்மண்ணில் பெய்த மழைநீர் பிரிக்க முடியாதபடி மண்ணோடு கலந்துவிடுவதைச் சொல்லும் குறுந்தொகைப் பாடல் உங்களுக்குத் தெரியும். அவர் ஆங்கிலத்தில் தந்த அந்தப் பாட்டு லண்டன் பாதாள ரயில் பெட்டிகளில் பயணிகள் படிக்க ஒட்டப்பட்டது. அதிலுள்ள சொற்களையே தலைப்பாக்கி விக்ரம் சந்திரா 1995இல் ஒரு நாவல் வெளியிட்டார். செம்மண்ணை மிதித்து வளர்ந்த நமக்கு அது பாடப் புத்தகப் பாட்டு. உலகத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர்.

தமிழோடு அவர் நின்றிருந்தால் பாதிக் கதைதான் சொல்லியிருப்பேன். 1973இல் பசவண்ணர், தேவர தாசிமையா, அக்க மகாதேவி, அல்லமப் பிரபு ஆகியோரின் வசனங்கள் என்னும் கன்னடச் சிவபக்திப் பாடல்களை 'ஸ்பீக்கிங் ஆஃப் சிவா' என்று மொழிபெயர்த்தார். 1976இல் யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவல். 1981இல் மீண்டும் தமிழுக்கு வந்து நம்மாழ்வார் பாசுரங்கள். கன்னடத்திலேயே சொந்தமாகக் கவிதை எழுதி, 1969இல் முதல் கன்னடத் தொகுப்பையும் வெளியிட்டார். கர்நாடகத்தில் அவரைக் கன்னடக் கவிஞர் என்றே சொந்தம் கொண்டாடுகிறார்கள். சங்கப் பாட்டை உலகுக்குத் தந்த அதே கை வசனங்களையும் தந்தது.

காவிரிப் பிரச்சினை வெடிக்கும்போதெல்லாம் ஜூஜுவாடியில் பேருந்துகள் நின்றுபோவதைப் பார்த்தவர்கள் நீங்கள். இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்து கடந்தவர்களும் உங்கள் குடும்பங்களில் இருப்பார்கள். அந்த நாட்களில் இரு பக்கமும் குரல் உயர்த்துவோர் நிறையப் பேர். இரு பக்கத்து இலக்கியத்தையும் ஒரே மரியாதையோடு படித்தவர் மிகச் சிலர். அந்த மிகச் சிலரின் கூட்டம் இங்கிருந்து பெருக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ராமானுஜனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. தமிழுக்கு இவ்வளவு செய்தவர் தமிழில் கவிதை எழுதவில்லை. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் எழுதினார். அவருடைய ஆங்கிலத்தில் சங்கப் புலவர்கள் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்களைப் போல ஒலிக்கிறார்கள், யாப்பின் ஓசை போய்விட்டது என்று சொல்வோரும் உண்டு. ஓசை போனது மெய்தான். ஆனால் கலங்கல் தண்ணீர் இனித்தது என்ற அந்தப் பெண்ணின் குரல் போகவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால், அவர் சரியானதையே காத்தார் என்பது என் தீர்ப்பு.

அவர் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. பாட்டிகளும் அத்தைகளும் அடுப்படியில் சொல்லும் கதைகளையும் பெரும் காவியத்துக்குச் சமமாக மதித்தார். 'ஃபோக்டேல்ஸ் ஃப்ரம் இந்தியா' 1991இல் வந்தது. அவர் தொகுத்த கன்னடக் கதை ஒன்று இது.

ஒரு பெண்ணுக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். உள்ளே கிடந்து மூச்சுமுட்டிய கதையும் பாட்டும், அவள் வாய் திறந்து தூங்கிய ஒரு நாள் வெளியே வந்துவிட்டன. கதை ஒரு ஜோடிச் செருப்பாகி வாசலில் கிடந்தது. பாட்டு ஓர் ஆணின் கோட்டாகி ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வந்த கணவன் யார் வந்தது என்று கேட்டான். யாருமில்லை என்றாள். சண்டை முற்றி, அவன் போர்வையை எடுத்துக்கொண்டு அனுமார் கோயிலில் போய்ப் படுத்தான். அணைத்த பிறகு ஊர் விளக்குச் சுடர்கள் எல்லாம் இரவில் அங்கே கூடிப் பேசுமாம். அவன் வீட்டுச் சுடர் மட்டும் தாமதமாக வந்து, நடந்ததைச் சொன்னது. கணவன் ஓடிவந்து மனைவியிடம், உன் கதையும் பாட்டும் எங்கே என்று கேட்டான். எந்தக் கதை, எந்தப் பாட்டு என்று கேட்டாள் அவள். அவளுக்கு மறந்தே போயிருந்தது.

இந்தக் கதைக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. ஆனால் தளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் சொல்லப்படாமல் கிடக்கும் கதைகளை நினைக்காமல் இதைப் படிக்க முடிவதில்லை.

விருதுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1976இல் பத்மஸ்ரீ, 1983இல் மெக்ஆர்தர் நல்கை. 1993 ஜூலை 13 அன்று சிகாகோவில் காலமானார், வயது 64. மறைவுக்குப் பின் வந்த கவிதைத் தொகுப்புக்கு 1999இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பல ராமாயணங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கம்பனையும் வால்மீகியையும் நாட்டுப்புறப் பாடகரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த கட்டுரை அது. நீக்கியது தவறு என்றே நினைக்கிறேன், தேடிப் படியுங்கள்.

கவிஞரே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது உலகெங்கும் நடப்பதுதான். உஸ்பெகிஸ்தானில் எர்கின் வாகிதோவ் கெதேயின் 'ஃபாஸ்ட்'டையும், அப்துல்லா ஆரிபோவ் தாந்தேயையும் உஸ்பெக் மொழிக்குக் கொண்டு வந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பாரதத்தையும் ராமாயணத்தையும் எளிய தமிழில் சொல்லி, ஆங்கிலத்திலும் தந்தவர்தானே?

மொழிபெயர்ப்பு பற்றி ராமானுஜன் சொன்ன கதை ஒன்று. சீனப் பேரரசர் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கச் சொன்னார். இரு பக்கமும் தோண்டி நடுவில் சந்திப்பதாகத் திட்டம். சந்திக்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்டார் மன்னர். அப்போது நமக்கு இரண்டு சுரங்கப்பாதை கிடைத்துவிடும் என்றார்கள் ஆலோசகர்கள். தவறிவிடுமோ என்று பயந்து தொடங்காமல் இருக்காதீர்கள்.

பட்டம் பெறும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு மொழிகளை எல்லாம் எழுதுங்கள். பேச மட்டும் தெரிந்த மொழியின் எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த ஒரு கதையை அவர் மொழியிலேயே செல்போனில் பதிவு செய்யுங்கள். அதைச் சொன்னபடி எழுதி, கீழே தமிழில் பெயர்த்து, சொன்னவர் பெயரையும் ஊரையும் குறித்து, இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். இந்த ஆண்டு பட்டம் பெறுவோர் ஆளுக்கு ஒரு கதை தந்தால் போதும், தளிக்கென்று ஒரு கதைத் தொகுதி உருவாகிவிடும். அடுத்த விடுமுறைக்கென்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் அனைவருக்கும், உங்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் என் வாழ்த்துகள்.