ஏ பிளஸ் பரீட்சை: பழைய இலக்கம், புதிய இலக்கம்



கணினி திருத்தும் வேலைக்கு முதற்படியாக எங்கள் பிள்ளைகள் எடுக்கிற ஏ பிளஸ் பரீட்சையைப் பற்றி இந்த மாதம் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் என்று சொன்னாலும், பகல் முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு இரவில் புத்தகம் விரிக்கிற நாற்பது வயதுக்காரரும் இதில் அடக்கம். அமெரிக்காவின் கொம்ப்ரியா நிறுவனம் 1993 இல் தொடங்கிய பரீட்சை இது. பட்டம் தேவையில்லை, வயது தடையில்லை, உலகம் முழுவதும் ஒரே தரம். அதனால்தான் அகதியாக வந்து இறங்கிய எத்தனையோ பேருக்கு இது அலுவலகத்துக்குள் நுழையும் முதற்கதவாக இருந்திருக்கிறது.

இதில் இரண்டு தாள்கள் உண்டு. கோர் 1, கோர் 2 என்று பெயர். இரண்டிலும் சித்தியடைந்தால்தான் சான்றிதழ். ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டத்தைப் புதுப்பித்து, தாள்களுக்குப் புது இலக்கம் கொடுப்பார்கள். 2019 ஜனவரியில் 220-1001, 1002 என்று வந்தன. 2022 ஏப்ரலில் 1101, 1102. 2025 மார்ச் 25 ஆம் திகதி தொடக்கம் 1201, 1202. பழைய தாள்கள் புதியவற்றோடு ஆறு மாதம் சேர்ந்து ஓடி, 2025 செப்டெம்பர் 25 உடன் நின்றுவிட்டன.

இங்கேதான் ஒரு தாய் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "தம்பி, என்ர மகன் ஒரு தாள் பாஸ் பண்ணிப்போட்டான். மற்றத் தாளை எழுதப் போனால் அது இல்லையாம். கட்டின காசு திரும்பி வருமோ?" என்று கேட்டார். மகன் 2025 வசந்தகாலத்தில் 1101 ஐ எழுதிச் சித்தியடைந்திருக்கிறார். பிறகு தகப்பனுக்குச் சுகமில்லாமல் போக, களஞ்சியசாலையில் இரட்டை வேலை நேரம். புத்தகத்தை மறுபடி எடுத்தது நவம்பரில். 1102 போய்விட்டது. 1101 உடன் 1202 ஐச் சேர்த்துச் சான்றிதழ் பெற முடியாது. சோடி ஒரே வரிசையில் இருக்க வேண்டும். காசு திரும்பாது. அவர் இனி 1201, 1202 இரண்டையும் எழுத வேண்டும்.

ஊரில் உயர்தரப் பாடத்திட்டம் மாறியபோது, முன்பு எழுதியவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தில் தனி வினாத்தாள் கொடுத்த நினைவில் எங்கள் பெற்றோர் இருக்கிறார்கள். இங்கே அந்தத் தயவு ஆறு மாதத்தோடு சரி. ஆகவே என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: பரீட்சை மாறுவதால் வருகிற நட்டத்தை விட, ஒரு தாளை எழுதிவிட்டு மற்றதைப் பின்போடுவதால் வருகிற நட்டம் பெரிது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனிக் கட்டணம். தவறினால் மறுபடியும் முழுக் கட்டணம். முதல் தாளுக்குப் பணம் கட்டும் அன்றே இரண்டாம் தாளுக்கும் வீட்டில் பணம் ஒதுக்கி, ஆறு எட்டுக் கிழமைக்குள் ஒரு திகதியைக் குறித்துவிடுங்கள்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது, மகன் படித்தது வீணாகவில்லை என்பதைத்தான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பழைய பாடத்திட்டத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோர் 1 இல் வலையமைப்புக்குப் பழையதில் 20 வீதம், புதியதில் 23. கணினியின் பாகங்கள் அதே 25. பழுது கண்டுபிடித்தல் 29 இலிருந்து 28. கைபேசி, மடிக்கணினி 15 இலிருந்து 13. கோர் 2 இல் இயங்குதளம் 31 இலிருந்து 28, பாதுகாப்பு 25 இலிருந்து 28. அவ்வளவுதான். புதிதாகச் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு சிறு பகுதி சேர்ந்திருக்கிறது: அது சொல்வதை எவ்வளவு நம்பலாம், அலுவலக இரகசியங்களை அதற்குள் போடலாமா என்பது போன்ற விடயங்கள். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 உடன் பொது ஆதரவை நிறுத்தியதால், விண்டோஸ் 11 இல் கை பழகுவது அவசியம்.

மாறாதவை எவ்வளவோ. பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443 ஆம் வாசல், தூரத்திலிருந்து விண்டோஸ் கணினிக்குள் போக 3389, பெயரை முகவரியாக மாற்ற 53. ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் சேவையிடமிருந்து அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். லேசர் பிரிண்டரில் தூள் மை கடதாசியில் விழுந்த பிறகுதான் சூட்டால் ஒட்டப்படும். கையால் தொட்டவுடன் எழுத்து அழிந்தால் அந்தச் சூடாக்கும் பகுதியைப் பாருங்கள். இதெல்லாம் பத்து வருடத்துக்கு முந்திய புத்தகத்திலும் இருக்கிறது. பழுது பார்க்கும் முறையும் அப்படித்தான்: பிரச்சினையை அறி, காரணத்தை ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டமிட்டுச் செய், எல்லாம் வேலை செய்கிறதா என்று பார், செய்ததை எழுதி வை. கடைசிப் படியை எங்கள் பொடியள் விட்டுவிடுவார்கள். பரீட்சையில் அதைத்தான் கேட்பார்கள்.

அதற்காக, யாரோ தந்த பழைய புத்தகத்தை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள். முதல் வேலையாகக் கொம்ப்ரியாவின் இணையத்தளத்தில் 1201, 1202 பாடத்திட்டத்தை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். தெரிந்த வரிக்குப் பச்சை, தெரியாததற்குச் சிவப்பு. சிவப்பு மட்டும்தான் இனிப் படிப்பு. புரொபெசர் மெசர் என்பவரின் காணொளிகள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தெளிவாக இருக்கும், நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். ஒருவர் கழித்துப் போட்ட கணினி ஒன்றை வாங்கிக் கழற்றிப் பூட்டுவது எந்த வகுப்புக்கும் குறைந்ததல்ல.

ஒரு எச்சரிக்கை. கடந்தகால வினாத்தாள் செய்து பழகிய சனங்கள் நாங்கள். ஊரில் அது நேர்மையான வழி, கடையிலே விற்கும். கொம்ப்ரியா கடந்தகால வினாத்தாள் வெளியிடுவதில்லை. உண்மையான வினாக்கள் என்று சொல்லி யாராவது விற்றால் அது களவெடுத்த சரக்கு. அதைப் பாவித்தது தெரியவந்தால் சான்றிதழைப் பறிக்கவும், மேலும் பரீட்சை எழுதவிடாமல் தடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. மாதிரி வினாக்கள் வேறு, அவற்றை அவர்களே தருகிறார்கள்.

ஒரு தாளில் 90 நிமிடம், ஆகக்கூடியது 90 வினாக்கள். கோர் 1 க்கு 675, கோர் 2 க்கு 700 எடுத்தால் சித்தி. புள்ளி 100 இலிருந்து 900 வரை அளவுகோல் போட்டுக் கணிக்கப்படுவதால், இத்தனை வினா சரியென்றால் போதும் என்று கணக்குப் பார்ப்பதில் பிரயோசனமில்லை. திரையில் செய்துகாட்டும் வினாக்கள் சில வரும், பெரும்பாலும் தொடக்கத்திலேயே. அவற்றில் அரை மணித்தியாலம் போய்விட்டால் மிச்சம் எல்லாம் ஓட்டப்பந்தயம். குறி போட்டுவிட்டுத் தாண்டிப்போய், மற்றவற்றை முடித்துத் திரும்பி வாருங்கள்.

கோர் 2 இல் நூற்றுக்கு 21, வேலைத்தள நடைமுறை. வாடிக்கையாளரை இடைமறிக்காமல் கேட்பது, தொழில்நுட்ப வார்த்தைகளைக் கொட்டாமல் விளக்குவது, நேரம் பிந்தினால் முன்கூட்டி அறிவிப்பது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகிறார்கள். தெரிந்ததுதான். ஆனால் நான்கு விடையும் சரிபோலத் தோன்றுகிற வினாக்கள் இந்தப் பகுதியில்தான் வரும்.

சில வீடுகளில் மாமாமார் "எங்கட ஏ பிளஸ் காலாவதியாகாது" என்று சொல்வதும் பொய்யல்ல. 2011 க்கு முன் எடுத்தவர்களுக்கு அது ஆயுள் சான்றிதழ். அதற்குப் பிறகு எடுத்தவர்களுக்கு மூன்று வருடம். அந்த மூன்று வருடத்துக்குள் 20 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாலோ, செக்கியூரிட்டி பிளஸ் போன்ற மேற்படிப் பரீட்சையில் சித்தியடைந்தாலோ புதுப்பிக்கலாம். மேற்படி போவதுதான் என் கண்ணுக்கு இலாபம்.

கடைசியாக, பெயர். பதியும்போது கொடுக்கிற முதற்பெயரும் குடும்பப்பெயரும் நீங்கள் கொண்டுபோகும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு, வங்கி அட்டையில் பின்னுக்கு, கல்லூரியில் முதலெழுத்து மட்டும். அகதி விண்ணப்பத்தின்போது யாரோ எழுதிய எழுத்துக்கூட்டல் இன்னொரு பக்கம். பரீட்சை மண்டப வாசலில் இதைத் தீர்க்க முடியாது. உள்ளே விடாவிட்டால் கட்டின பணமும் போகும். திகதி பதியும் முன் கடவுச்சீட்டைக் கையில் எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கணக்கில் பெயரைத் திருத்திய பிறகு மட்டும் பணம் கட்டுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.