நிலைத்த இருக்கை

(பல்லேபொலவில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். யானோ இன்று ஒரு சோபாவைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். சிலர் நகைக்கக்கூடும். நகைத்தாலும் குற்றமில்லை, முடிவுவரை பொறுமையோடு கேட்டருள வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறவர்களை மர வாங்கிலிலா இருத்துவது என்ற கவலை வீட்டில் எழுந்தது. பட்டணத்துக் கடையொன்றில் மாதத் தவணைக்கு ஒரு சோபா செற் எடுத்தோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் தவணை முடியுமுன்னரே நடு ஆசனம் குழிந்தது. பின் ஒரு காலும் கழன்றது. எண்பது வயதைத் தாண்டிய என் தாயார் அதில் அமர்ந்தால், எழுப்புவதற்கு இருவர் வேண்டும்.

கிராமத்து வயோதிபத் தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் அடிச்சீலையைக் கிழித்தார். உள்ளே மரத்தூளைப் பசையால் ஒட்டிய பலகையும், கம்பி ஊசிகளும், நொறுங்கிப்போன செயற்கைப் பஞ்சுமே இருந்தன. “தம்பி, இதைத் திருத்த ஏலாது. ஆணி பிடிக்க இதிலே மரமே இல்லை” என்றார் அவர். எங்கள் விறாந்தையிலே பாட்டனார் காலத்துப் பலா வாங்கில் அசையாமல் கிடந்தது. புதிய பொருள் குப்பைக்குப் போயிற்று. அதன் கடன் மாத்திரம் வீட்டிலே தங்கிற்று.

அன்பர்களே, இதைச் சிந்திக்கும்போது எனக்கு ஒரு பெரியாரின் நினைவு வருகின்றது. தஞ்சாவூரிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பாதான் அவர். சிறையிலிருந்தபோது அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் பொருள்படும் நூல் 1945இல் வெளிவந்தது. உலகத்துச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரிக்கின்றார். எடுக்க எடுக்கக் குறைந்து தீர்ந்துபோகும் தேக்கம் ஒன்று. நிலக்கரியும் மண்ணெண்ணெயும் அத்தகையன. அளவோடு எடுத்தால் ஆண்டுதோறும் ஊறிவரும் ஓட்டம் மற்றொன்று. மரமும் நாரும் அத்தகையன. என் வீட்டுச் சோபாவின் செயற்கைப் பஞ்சு பெற்றோலியத்திலிருந்து பிறந்தது. அது மக்கி மண்ணாவதில்லை. தீப்பிடித்தாலோ அதன் புகை நஞ்சு.

நமது மாத்தளை மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். அந்த ஓட்டத்திலே நாம் ஏழைகளா? றப்பர் மரம் ஏறக்குறைய 25 அல்லது 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் மறுகன்று நடப்படுகின்றது. முன்னாளில் அம்மரம் அடுப்புக்கே போயிற்று. அதில் மாச்சத்து மிகுதி. ஆகையால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பற்றிக்கொள்ளும். ஆனால் தாமதியாமல் அறுத்து, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை அழுத்தத்தோடு ஏற்றி, சூளையிலே உலர்த்தினால், அதே விறகு நல்ல தளபாட மரமாகின்றது. காட்டு மரம் ஒன்றையும் தொடாமலே சட்டம் செய்துவிடலாம்.

மெத்தைக்கும் அந்நிய நாட்டை நாட வேண்டியதில்லை. றப்பர்ப் பாலை நுரைக்க அடித்து, கந்தகம் முதலியன சேர்த்து, அச்சிலே வார்த்து நீராவியில் வேகவைத்தால் இயற்கை றப்பர் மெத்தை கிடைக்கும். 1929ஆம் ஆண்டு முதல் உலகம் அறிந்த முறை இது; இலங்கையிலிருந்து இத்தகைய மெத்தைகள் இன்றும் ஏற்றுமதியாகின்றன. தென்னந்தும்பு இருக்கின்றது, இலவம்பஞ்சு இருக்கின்றது, மேலே போர்த்தக் கைத்தறிச் சீலை இருக்கின்றது. இத்தனையும் கையருகே இருக்க, நாம் மரத்தூளுக்குத் தவணை கட்டுகின்றோம்!

அழகில்லை என்று சொல்வார் உளரோ? நமது மாவட்டத்து ஹப்புவிடவிலே அரக்குவேலைக் கலைஞர்கள் தூரிகையின்றி, நகத்தினாலேயே வண்ண அரக்கிழைகளை மரத்தில் ஒட்டிக் கோலமிடுகின்றனர். கண்டிநாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908ஆம் ஆண்டு பெருநூல் வெளியிட்டவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி. ஒரு தமிழர் மகன் சிங்களக் கைவினைஞரின் திறமையை உலகறியச் செய்தார். கைத்தொழிலுக்கு மொழியும் இனமும் வேலியல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

அளவின்றி வெட்டினால் நேர்வது என்ன என்பதையும் மறக்கலாகாது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் கலமந்தர் என்னும் மரத்துக்குப் பெரும் மதிப்பிருந்தது. தளபாட மோகத்தினால் அது தேடினாலும் கிடைத்தற்கரிய மரமாயிற்று. பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றித் தறிக்கலாகாதென்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் காக்கின்றது. பலா பஞ்ச காலத்தில் சோறு போட்ட மரமல்லவா? மரவேலை செய்ய வரும் இளைஞன் முதலில் நட வேண்டும். பின்னரே வெட்ட வேண்டும்.

இனி என் கதைக்கு வருகின்றேன். அந்தத் தச்சரே எங்களுக்குப் புதிதாக ஒரு செற்றி செய்து தந்தார். முதலில் அவர் மரத்தை அளக்கவில்லை. என் தாயாரை அளந்தார். குதிக்காலிலிருந்து முழங்கால் மடிப்புவரை முழக்கோலை வைத்துப் பார்த்தார். ஆசனத்தை 18 அங்குல உயரத்தில் வைத்தார், ஆழத்தைக் குறைத்தார், ஊன்றி எழுவதற்குக் கைப்பிடியை முன்னே நீட்டினார். துளையிட்டுக் கழுந்து பொருத்தி, மூலைக்கு மூலை தாங்குகட்டை கொடுத்தார். சணற்பட்டையை இழுத்துப் பின்னி, தும்பைப் பரப்பி, அதன்மேல் றப்பர் மெத்தையை இட்டார். சீலையைக் கழற்றித் துவைக்கும்படி தைப்பித்தார். “மெத்தை பழுதானால் மெத்தையை மாற்று, கால் பழுதானால் காலை மாற்று, முழுவதையும் எறியாதே” என்றார். முதல் நாள் அதில் அமர்ந்த என் தாயார், ஒருவர் கையையும் பிடியாமல் தாமே எழுந்து நின்றார். அன்று எங்கள் வீட்டில் அனைவரும் கண் கலங்கினோம்.

விலை கடைச் சோபாவினும் சற்றுக் கூடுதல்தான். அதை யான் மறைக்கவில்லை. காத்திருந்த காலமும் இரண்டு மாதம். ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாங்குவதையும், ஒருமுறை வாங்கி வேண்டும்போது திருத்துவதையும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். கணக்கே விடை சொல்லும்.

புறப்படும்போது அவரிடம் கேட்டேன்: “ஐயா, உங்கள் தொழிலை யார் கற்கிறார்கள்?” அவர் உளியைத் துடைத்துக்கொண்டே, “மகனை நான்தான் தடுத்தேன். உளி பிடிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?” என்றார்.

பெரியோர்களே, இக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் இளைஞர்கள் அல்லர், நாம்தாம். ஆயுத பூசையன்று உளிக்கும் வாளுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். அவற்றைப் பிடிக்கும் கையை மற்ற நாட்களிலே தாழ்வாக நோக்குகின்றோம். இப்படிச் செய்துவிட்டு, பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடுகிறார்களே என்று புலம்புவதில் நியாயம் உண்டா? சம்பந்தம் பேச யார் வந்தாலும் முதலில் அவன் சாதியை விசாரிக்கும் வழக்கம் ஒழியாதவரை, எந்தக் கைத்தொழிலும் இங்கே வேரூன்றப் போவதில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். தொழில் தெரிந்தவன் தன் திறமையைப் பரீட்சித்துக் காட்டி, வகுப்பில் அமராமலே தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி நமது நாட்டில் உண்டு. கைப்பழக்கம் உள்ளவர்கள் அதைப் பெறுங்கள். ஆனால் பொறுமை வேண்டும். ஈரமரத்தில் செய்த பொருத்து உலர்ந்ததும் விலகும். மரமும் உலர வேண்டும். மனிதனும் பழக வேண்டும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். நமது மன்றத்து வாசிகசாலையில் முதியோர் அமர நல்ல இருக்கை இல்லை. வரும் ஆயுத பூசைக்குள் அந்தத் தச்சரை ஆசானாக அழைத்து, நான்கு இளைஞர்கள் ஒரு செற்றியைச் செய்து முடிக்கட்டும். அதற்கான மரத்தின் செலவு என்னுடையது. ஆசானுக்குரிய வேதனத்தை மன்றம் கொடுக்கட்டும். இலவசமாகக் கேட்பது மரியாதையாகாது. பூசையன்று அந்த இருக்கையில் முதலில் அவரையே அமர்த்தி மாலையிடுவோம்.